அனுமதிக் கோப்பு எங்கே தூங்குகிறது? அமெரிக்க மாநிலங்களின் சுற்றுச்சூழல் அனுமதி முறை, ஓர் அறிமுகம்

அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலை ஆற்றில் கழிவுநீர் விடுவதானாலும் சரி, புகைபோக்கி வைத்துக் காற்றில் எதையாவது கலப்பதானாலும் சரி, முன்கூட்டியே அனுமதி வாங்கியாக வேண்டும். அதை யார் கொடுக்கிறார்கள்? வாஷிங்டனில் இருக்கும் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது இ.பி.ஏ., என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நடைமுறையில் பெரும்பாலான அனுமதிகளில் கையெழுத்துப் போடுவது மாநில அரசின் அதிகாரி. அனுமதி தாமதமானால் திட்டு வாங்குவதும் அவர்தான். அவசரப்பட்டுக் கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் மாட்டிக்கொள்வதும் அவர்தான்.

இந்த ஏற்பாடு வந்த கதை சுருக்கமானது. 1969 ஜூனில் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் குயஹோகா ஆற்றில் மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பற்றிக்கொண்டது. அந்த ஆறு அதற்கு முன்பும் பலமுறை எரிந்திருக்கிறது. நாடு திரும்பிப் பார்த்தது அப்போதுதான். 1970 டிசம்பரில் இ.பி.ஏ. பிறந்தது. அதே ஆண்டு தூய காற்றுச் சட்டம், 1972-இல் தூய நீர்ச் சட்டம், 1976-இல் அபாயக் கழிவுகளுக்கான சட்டம் என்று அடுத்தடுத்து வந்தன. மூன்றிலும் ஒரே யோசனைதான்: எந்த மாநிலமும் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்ற குறைந்தபட்ச அளவை மத்திய அரசு நிர்ணயிக்கும், அன்றாட வேலையை, தகுதி பெற்ற மாநிலம் எடுத்து நடத்தும்.

மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. கழிவுநீர் அனுமதியை எடுத்துக்கொண்டால், மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், நியூ மெக்சிகோ என்ற மூன்றைத் தவிர மற்ற மாநிலங்கள் எல்லாம் தாங்களே கொடுக்கும் அதிகாரத்தைப் பெற்றுவிட்டன. ஐடஹோ கடைசியாக 2018-இல்தான் பெற்றது. மாநிலங்களிடம் ஒப்படைக்கக்கூடிய மத்தியத் திட்டங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் மாநிலங்களின் கையில் இருப்பதாக, 1993-இல் உருவான மாநிலச் சுற்றுச்சூழல் துறைகளின் கூட்டமைப்பு சொல்கிறது.

ஆக, சட்டம் மத்திய அரசுடையது, வேலை மாநிலத்துடையது. செலவில் ஒரு பங்கு மத்திய மானியம், மிச்சம் மாநில நிதியும் கட்டணமும். இப்படிப்பட்ட ஒரு அமைப்பு நிதானமாக நகர்வதில் வியப்பில்லை. அதை எப்படி வேகப்படுத்துவது என்று குடியரசுக் கட்சி ஆளும் மாநிலங்களும் ஜனநாயகக் கட்சி ஆளும் மாநிலங்களும் ஒரே மாதிரி மண்டையை உடைத்துக்கொள்கின்றன. வேகம் என்றாலே விதியைத் தளர்த்துவது என்று ஒரு சாராரும், கவனம் என்றாலே இழுத்தடிப்பது என்று இன்னொரு சாராரும் நினைப்பதுதான் இந்த விவாதத்தின் சாபக்கேடு. ஒரு கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கிறது என்று பார்த்தால் இரண்டுமே பாதி உண்மைதான் என்று தெரியும்.

ஒரு பெயின்ட் கூடத்தின் கணக்கு

ஒரு மரச்சாமான் பட்டறை புதிதாக ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும் கூடம் கட்ட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுமானத்தைத் தொடங்கும் முன்பே காற்று அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் என்னென்ன கேட்பார்கள்? எந்த பெயின்ட், ஒரு கேலனில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் எவ்வளவு, மணிக்கு எத்தனை கேலன் தெளிப்பீர்கள், வடிகட்டி எவ்வளவு பிடிக்கும், புகைபோக்கியின் உயரம், விட்டம்.

மணிக்கு 5 கேலன் தெளிக்கிறார்கள், ஒரு கேலனில் 5 பவுண்டு சேர்மம் இருக்கிறது என்றால் மணிக்கு 25 பவுண்டு காற்றில் போகும். பட்டறை ஒரு ஷிஃப்ட்தான் ஓடுகிறது, ஆண்டுக்குச் சுமார் 2,000 மணி நேரம். அப்படியானால் 50,000 பவுண்டு, அமெரிக்கக் கணக்கில் 25 டன். ஆனால் சட்டம் அப்படிக் கணக்குப் போடாது. இரவு பகலாக ஆண்டு முழுவதும் ஓட்டினால் எவ்வளவு வரும் என்றுதான் கேட்கும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். 25-ஐ அதால் பெருக்கினால் 109 டன்னுக்கு மேல் வந்துவிடும். பொதுவாக 100 டன்னைத் தாண்டினால் 'பெரிய மூலம்' என்ற பட்டியலில் விழ வேண்டும். காற்று மிக மோசமாக இருக்கும் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் அந்த வரம்பு வெறும் 10 டன். பெரிய மூலம் என்றால் விரிவான அனுமதி, அதிகக் கட்டணம், நூறு பக்கத்தைத் தாண்டும் நிபந்தனைகள்.

பட்டறைக்காரர் அதில் மாட்டாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. ஆண்டுக்கு இத்தனை கேலனுக்கு மேல் தெளிக்க மாட்டேன், தினமும் குறித்து வைப்பேன் என்று சட்டப்படி கட்டுப்படுத்தும் வரம்பை அவரே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அனுமதியில் அது நிபந்தனையாக ஏறிவிடும். மீறினால் அபராதம். காற்றுக்கும் நல்லது, பட்டறைக்கும் நல்லது. அனுமதிப் பொறியாளரின் உண்மையான வேலை இதுதான்: எந்த வரம்பை எழுதினால் நிஜமாகவே கட்டுப்படும், அதை எந்தப் பதிவேட்டைக் கொண்டு சரிபார்க்கலாம் என்று யோசிப்பது.

சரி, இந்த யோசனைக்கு எத்தனை நாள் பிடிக்கும்? இதே மாதிரிக் கூடங்களைப் பலமுறை பார்த்த பொறியாளருக்கு அது மாதக்கணக்கான வேலை இல்லை. பிறகு ஏன் மாதக்கணக்கில் ஆகிறது?

விண்ணப்பம் வருகிறது. எழுத்தர் பதிவு செய்கிறார். கட்டணம் வந்ததா என்று வேறொரு பிரிவு பார்க்கிறது. யாருக்கு ஒதுக்குவது என்று மேற்பார்வையாளரின் மேசையில் சில நாள். பொறியாளரின் முறை வந்து கோப்பைத் திறந்தால், இரண்டு பெயின்ட்டுகளுக்குப் பாதுகாப்புத் தரவுத் தாள் இல்லை. கடிதம் போகிறது. கடிதத்தை வாங்கும், பட்டறை அமர்த்திய ஆலோசகர் பட்டறைக்காரரைக் கேட்கிறார், அவர் பெயின்ட் விற்றவரைக் கேட்கிறார். தாள் வந்து சேரும்போது பொறியாளர் வேறு கோப்புகளுக்குள் மூழ்கியிருக்கிறார். திரும்ப எடுத்தால் முதலிலிருந்து படிக்க வேண்டும். வரைவு எழுதியதும் மேற்பார்வையாளர் திருத்துகிறார். அவருக்கு மேலே இருப்பவர் அந்தத் திருத்தத்தைத் திருத்துகிறார், சில சமயம் பழையபடியே. பொது அறிவிப்பு தேவைப்படும் வகையென்றால் மக்கள் கருத்துக்கு 30 நாள். அதற்கு அப்புறம்தான் கையெழுத்து.

இந்த நாட்களில் காற்றைக் காப்பாற்றிய நாட்கள் எவை என்று எண்ணிப் பாருங்கள். கணக்குப் போட்டது, வரம்பை எழுதியது, மக்கள் கருத்துக்கு விட்டது. மற்றதெல்லாம் கோப்பு தூங்கிய நாட்கள். திறன் கூட்டுவது பற்றிப் பேசும்போது வெட்ட வேண்டியது அந்தத் தூக்கத்தைத்தான்.

அயோவா செய்தது

2003-ஆம் ஆண்டு வாக்கில் அயோவா மாநிலத்தின் இயற்கை வளத் துறை ஒரு காரியம் செய்தது. ஜப்பானியக் கார் தொழிற்சாலைகளில் புழங்கிய கைசென் முறையைக் காற்று அனுமதிப் பிரிவுக்குள் கொண்டுவந்தது. கைசென் என்றதும் பெரிய தத்துவம் என்று நினைக்க வேண்டாம். எழுத்தர், பொறியாளர், மேற்பார்வையாளர், விண்ணப்பிக்கும் நிறுவனத்திலிருந்து ஓரிருவர் எல்லோரையும் சில நாள் ஒரே அறையில் உட்கார வைத்து, கோப்பு கடக்கும் ஒவ்வொரு படியையும் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு எண்கள்: வேலை நடக்கும் நேரம், காத்திருக்கும் நேரம். ஒட்டி முடித்ததும் சுவரே கதையைச் சொல்லிவிடும்.

சாதாரணக் கட்டுமான அனுமதிக்குச் சராசரியாக 62 நாள் ஆனது 6 நாளாகக் குறைந்தது என்றும், தேங்கிக் கிடந்த 600 விண்ணப்பங்கள் ஆறே மாதத்தில் தீர்ந்தன என்றும் இந்த முயற்சி பற்றிப் பதிவாகியிருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: காற்றுத் தர விதியில் ஒரு வரிகூட மாறவில்லை. கூடுதல் ஆள் எடுத்துச் சாதித்ததும் இல்லை. கோப்பு நகரும் பாதை மட்டும் மாறியது. பிறகு டெலவேர் உள்ளிட்ட பல மாநிலங்கள் இந்த வழியில் இறங்கின, இ.பி.ஏ.வும் இதற்கென்று கையேடு போட்டது.

இந்தச் சுவர்ப் பயிற்சிக்கு நான் ரசிகன்தான், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. அந்த அறையில் உட்கார்ந்தவர்கள் இடம் மாறிப் போனதும் பழைய பழக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். எங்கோ ஒரு தவறு நடந்தால் அதைத் தடுக்கவென்று கூடுதலாக ஒரு கையெழுத்துச் சேரும். தவறு மறந்துபோகும், கையெழுத்து தங்கிவிடும்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது

அடுத்த ஆயுதம் காலக்கெடு. மத்தியச் சட்டத்திலேயே இது உண்டு. பெரிய காற்று மூலங்களுக்கான இயக்க அனுமதி தூய காற்றுச் சட்டத்தின் 1990 திருத்தத்தில் வந்தது. விண்ணப்பம் முழுமையாக இருக்கிறதா என்று 60 நாளுக்குள் துறை சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் முழுமை என்றே பொருள். அதிலிருந்து 18 மாதத்துக்குள் முடிவு. மாநிலங்கள் இதற்கு மேலும் தங்கள் கெடுக்களைச் சேர்த்துக்கொண்டன. மின்னசோட்டா 2011-இல் 150 நாள் என்று இலக்கு வைத்தது. அரிசோனா, முழுமையைச் சரிபார்க்க இத்தனை நாள், உள்ளடக்கத்தை ஆராய இத்தனை நாள் என்று தனித்தனியாகப் பிரித்து, தவறினால் கட்டணத்தைத் திருப்பித் தருகிறது. பென்சில்வேனியாவில் ஆளுநர் ஜாஷ் ஷப்பிரோ 2023-இல் அறிவித்த 'தாமதமானால் பணம் வாபஸ்' திட்டம் பெரிய செய்தியானது. மாசசூசெட்ஸில் அதே ஏற்பாடு வெகு காலமாகச் சத்தமில்லாமல் இருந்துவருகிறது.

பணம் வாபஸ் என்பது தலைப்புச் செய்திக்கு நன்றாக இருக்கும். கோடிக்கணக்கான டாலர் திட்டத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு விண்ணப்பக் கட்டணம் ஒரு பொருட்டா? எனக்கு இதைவிட உருப்படியாகத் தெரிவது வர்ஜீனியா 2022-இல் தொடங்கிய இணையப் பலகை. விண்ணப்பம் எந்தப் படியில் இருக்கிறது, அந்தப் படிக்கு எத்தனை நாள் இலக்கு, இப்போது பந்து யார் பக்கம் என்று எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட்டார்கள். முன்பெல்லாம் விண்ணப்பம் கிணற்றில் போட்ட கல். இப்போது துறை தாமதித்தால் துறையின் பெயர் தெரியும், ஆலோசகர் தாமதித்தால் அதுவும் தெரியும். இரண்டாவதைத்தான் பல நிறுவனங்கள் எதிர்பார்த்திருக்காது.

காலக்கெடுவுக்கு ஒரு கள்ளவழியும் உண்டு. 'விண்ணப்பம் முழுமையான நாளிலிருந்து' என்றுதான் கடிகாரம் ஓடும். முழுமை இல்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தால் கடிகாரம் தொடங்கவே தொடங்காது. கெடு முடியும் நாளன்று, எதற்கு வம்பு என்று நிராகரித்துவிட்டால் புள்ளிவிவரத்தில் அது 'குறித்த நேரத்தில் முடிந்த கோப்பு'. கெடுவைக் கடுமையாக்கும்போதெல்லாம் இந்த வழிகளும் அகலமாகும்.

கெடு தவறினால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்ற விதி இன்னும் ஒரு படி மேலே. நியூ ஜெர்சியில் 1975-இலிருந்தே சில கட்டுமான அனுமதிகளுக்கு இப்படி 90 நாள் சட்டம் இருக்கிறது. மத்திய காற்றுச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. துறை 18 மாதத்தில் முடிவெடுக்காவிட்டால் விண்ணப்பதாரர் நீதிமன்றம் போகலாம், அவ்வளவுதான். அனுமதி தானாக வந்துவிடாது. இதில் நான் மத்தியச் சட்டத்தின் பக்கம். துறையின் மந்தத்துக்கு அக்கம்பக்கத்துக்காரர்கள் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

எல்லோருக்கும் ஒரே வாசல் எதற்கு

காத்திருப்பைக் குறைப்பது ஒரு பக்கம். எல்லா விண்ணப்பத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டுமா என்று கேட்பது இன்னொரு பக்கம். பெரிய லாபம் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

வீட்டுமனைகளுக்காக நிலத்தைச் சமன்படுத்துகிறார்கள். மழை பெய்தால் மண் கரைந்து ஓடையில் சேரும். ஒரு ஏக்கரோ அதற்கு மேலோ நிலத்தைக் கிளறினால் தூய நீர்ச் சட்டப்படி அனுமதி தேவை. இப்படி ஒரு நேரத்தில் ஆயிரக்கணக்கான மனைகளில் வேலை நடக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி எழுதினால் துறை வேறு எதையும் செய்ய முடியாது, எழுதினாலும் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்: வேலி கட்டு, வண்டிச் சக்கரத்தைக் கழுவு, மழைக்குப் பிறகு போய்ப் பார். ஆகவே மாநிலம் முழுவதற்கும் ஒரே 'பொது அனுமதி' ஒன்றை வெளியிட்டு, மக்கள் கருத்தை ஒருமுறை கேட்டு முடித்துவிடுவார்கள். கட்டுமானக்காரர் 'நானும் இதற்குள் வருகிறேன்' என்று அறிவிப்புக் கொடுத்து, மண் அரிப்பைத் தடுக்கும் திட்டத்தைத் தயாரித்து வைத்துக்கொண்டால் போதும். இ.பி.ஏ. நேரடியாக நடத்தும் இடங்களில் அறிவிப்புக்குப் பிறகு 14 நாள் காத்திருந்து வேலையைத் தொடங்கலாம்.

டெக்சஸில் இதன் இன்னொரு வடிவம் பரவலாக இருக்கிறது. சிறிய, பழக்கப்பட்ட வகைத் தொழில்களுக்கு நிபந்தனைகளை விதியிலேயே எழுதிவிட்டார்கள். அவற்றுக்குள் அடங்கினால் விதியே அனுமதி.

மாசசூசெட்ஸ் 1990-களின் பிற்பகுதியில் செய்தது எனக்கு எல்லாவற்றையும்விடச் சுவாரசியமானது. துணி உலர்சலவைக் கடைகள், அச்சகங்கள், புகைப்படம் கழுவும் கூடங்கள் என்ற மூன்று வகைச் சிறுதொழில்கள். ஒவ்வொன்றும் சின்னது, ஆனால் எண்ணிக்கையில் நிறைய. உலர்சலவையில் பயன்படும் பெர்க்ளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் நிலத்தடி நீரில் இறங்கினால் சுத்தப்படுத்துவது பெரும்பாடு. இந்தக் கடைகளுக்குத் தனி அனுமதி எழுதிக்கொண்டிராமல், காற்று, நீர், அபாயக் கழிவு மூன்றுக்குமான கடமைகளை ஒரே எளிய கையேட்டில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். கடை உரிமையாளர் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதி, 'இதற்கு நான் பொறுப்பு' என்று ஆண்டுதோறும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். விதியை மீறிய நிலையில் இருந்தால், எப்போது சரிசெய்வேன் என்று அவரே தேதி எழுதித் தர வேண்டும்.

திருடன் கையில் சாவி கொடுத்த மாதிரி இல்லையா என்று தோன்றும். தடுக்க ஒரு ஏற்பாடு இருந்தது. துறை ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் கடைகளைத் தேர்ந்தெடுத்து நேரில் போய், உரிமையாளர் எழுதியதையும் தாங்கள் கண்டதையும் ஒப்பிட்டார்கள். புள்ளியியல்படி எடுத்த மாதிரி என்பதால் சில கடைகளைப் பார்த்து மொத்தத் தொழிலின் நிலையையும் மதிப்பிட முடிந்தது. பல மாநிலங்கள் இதைப் பின்பற்றின. அனுமதி எழுதுவதில் போன நேரம் ஆய்வுக்குத் திரும்பியது என்பதுதான் இதில் விஷயம். அந்த ஆய்வை விட்டுவிட்டுச் சுயசான்றை மட்டும் வைத்துக்கொண்டால் அது வெறும் காகிதம்.

பொது அனுமதிக்கும் ஒரு குறை உண்டு. இந்தக் குறிப்பிட்ட இடத்தில், இந்தக் குறிப்பிட்ட தெருவுக்குப் பக்கத்தில் இது வரலாமா என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருக்கும் பத்துத் தொழில்கள் ஒரே வட்டாரத்தில் குவிந்தால் அங்கே குடியிருப்பவர்கள் மூச்சுவிடுவது பத்தின் கூட்டுத்தொகையைத்தான். நியூ ஜெர்சி 2020-இல் கொண்டுவந்த சட்டம் இதை நேரடியாக எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே சுமை அதிகமாக இருக்கும் ஏழை, சிறுபான்மைக் குடியிருப்புகளில் குறிப்பிட்ட வகை ஆலைகள் வர வேண்டுமானால் ஒட்டுமொத்தப் பாதிப்பையும் கணக்கிட்டாக வேண்டும். அனுமதி நேரம் இதனால் கூடத்தான் செய்யும். அது தூங்கும் நேரம் அல்ல என்பதால் எனக்கு அதில் குறையில்லை.

தாமதத்தால் நஷ்டம் யாருக்கு

தாமதம் என்றாலே தொழில்துறைக்கு நஷ்டம் என்று பேசுவது வழக்கம். கழிவுநீர் அனுமதியில் கதை தலைகீழ். அதன் ஆயுள் அதிகபட்சம் 5 ஆண்டு. முடிவதற்கு 180 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால், துறை முடிவெடுக்கும்வரை பழைய அனுமதியே செல்லும். ஆலை நிற்காது, உரிமையாளருக்கு அவசரமும் இல்லை. இடையில் அந்த ஆற்றுக்கான தரம் கடுமையாகியிருந்தாலும், புதிய அனுமதி எழுதும்வரை பழைய தளர்வான வரம்புதான். இப்படிக் காலாவதியாகியும் உயிரோடிருக்கும் அனுமதிகளைக் குறைக்கப் பல ஆண்டுகளாக இ.பி.ஏ. மாநிலங்களை நெருக்கி வருகிறது. இங்கே 'சீக்கிரம் முடியுங்கள்' என்று துறையின் கதவைத் தட்ட வேண்டியவர்கள் ஆற்றங்கரையில் இருப்பவர்கள்.

ஆளும் பணமும்

எந்தச் சீர்திருத்தமும் கடைசியில் இங்கே வந்து முட்டும். பெரிய காற்று மூலங்களின் அனுமதித் திட்டம் கட்டணத்திலேயே நடக்க வேண்டும் என்பது சட்டம். கட்டணம் எப்படி? வெளிவிடும் மாசின் டன் கணக்கில். 1990 சட்டம் டன்னுக்கு 25 டாலர் என்று அடிப்படை வைத்து, விலைவாசிக்கேற்ப ஏற்றிக்கொள்ளச் சொன்னது. திட்டம் வெற்றி பெற்றது, மாசு குறைந்தது, நிலக்கரி மின்நிலையங்கள் மூடப்பட்டன. கூடவே துறையின் வருமானமும் குறைந்தது. மிச்சமிருக்கும் ஆலைகளுக்கு எழுத வேண்டிய பக்கங்கள் அதே விகிதத்தில் குறையவில்லை. நன்றாக வேலை செய்ததற்குத் தண்டனை மாதிரி ஒரு ஏற்பாடு இது. பல மாநிலங்கள் டன் கட்டணத்தோடு ஒவ்வோர் ஆலைக்கும் நிலையான கட்டணத்தையும் சேர்த்துச் சமாளிக்கின்றன.

ஆள் பற்றாக்குறைக்கு டெக்சஸ் 2013-இல் ஒரு வழி கண்டது: அவசரம் என்பவர் கூடுதல் கட்டணம் கட்டலாம், அந்தப் பணத்தில் ஊழியர்கள் கூடுதல் நேரம் பார்ப்பார்கள். பென்சில்வேனியா 2024-இல் சட்டம் போட்டு, துறை தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்த வெளி நிபுணர்களிடம் சில வகை விண்ணப்பங்களின் முதல் பரிசீலனையை விட்டது. இறுதி முடிவு துறையுடையது. நியூ ஜெர்சி 2009-லேயே இதைவிடத் தூரம் போய், மாசடைந்த நிலங்களைத் துப்புரவாக்கும் வேலையின் மேற்பார்வையை உரிமம் பெற்ற தனியார் நிபுணர்களிடம் கொடுத்துவிட்டது. ஆயிரக்கணக்கான இடங்கள் வரிசையில் கிடந்தபோது வேறு வழியும் தெரியவில்லை. இவற்றில் எனக்குத் தயக்கம் உண்டு. பணம் கட்டுபவர் ஒருவர், காக்க வேண்டியது வேறொருவரை என்னும்போது துறை அவ்வப்போது கோப்பைத் திறந்து குறுக்குச் சோதனை செய்தே ஆக வேண்டும். அதற்கும் ஆள் வேண்டும்.

கணினி எதைத் தீர்க்கும்

சிறு நகரம் ஒன்றின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். வெளியே விடும் நீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், மாதச் சராசரி லிட்டருக்கு 30 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருளும் 30, அமில-கார அளவைச் சொல்லும் பி.எச். எண் 6-க்கும் 9-க்கும் நடுவில். இவைதான் வரம்பு. மாதாமாதம் இந்த எண்களை அறிக்கையில் நிரப்பி அனுப்ப வேண்டும். காகிதக் காலத்தில் அதைத் துறையில் ஒருவர் உட்கார்ந்து திரும்பத் தட்டச்சு செய்வார். புள்ளி ஒன்று விட்டுப்போனால் 3.5 என்பது 35 ஆகிவிடும். மீறலே செய்யாத நிலையத்துக்கு நோட்டீஸ் போகும், மீறியது கண்ணில் படாமல் போகும். இ.பி.ஏ. 2015-இல் மின்னணு அறிக்கையைக் கட்டாயமாக்கியது. இப்போது எண்ணை நிலையத்தின் ஆளே கணினியில் போடுகிறார், வரம்பைத் தாண்டினால் உடனே தெரிகிறது. அபாயக் கழிவு லாரிகளோடு பயணிக்கும், பல பிரதிகள் கொண்ட சீட்டுக்கும் 2018 ஜூன் 30 முதல் மின்னணு வடிவம் வந்துவிட்டது.

விண்ணப்பத்தையே இணையத்தில் வாங்கினால் இன்னும் லாபம். தரவுத் தாளை இணைக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே விடாது என்றால், பெயின்ட் கூடக் கதையில் பார்த்த கடிதப் போக்குவரத்தில் பாதி தேவைப்படாது. ஆனால் பழைய படிவத்தை அப்படியே ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு 'ஆன்லைன்' என்று சொல்லிக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன. சுவரில் சீட்டு ஒட்டும் வேலையை முடித்துவிட்டு மென்பொருள் வாங்க வேண்டும். வரிசை மாறினால் பழைய சிக்கலுக்கே மென்பொருள் எழுதி வைப்பார்கள், அதை மாற்ற அடுத்த டெண்டர்வரை காத்திருக்க வேண்டும்.

எதை வெட்டக் கூடாது

மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கவென்று குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கியது. பழைய ஈயக் குழாய்களை அரிக்காதபடி நீரைப் பக்குவப்படுத்த வேண்டும் என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறை வலியுறுத்தவில்லை. முதலில் ஆறு மாதம் வீதம் இருமுறை சோதித்துப் பார்க்கலாம் என்று விதிக்குப் பொருள் சொன்னது. ஈயம் வீட்டுக் குழாய்களில் வந்தது. ஆளுநர் அமைத்த விசாரணைக் குழு 2016 மார்ச்சில் அளித்த அறிக்கை, முதன்மைப் பொறுப்பு மாநிலத் துறையுடையது என்றது. விதியின் எழுத்து நிறைவேறினால் போதும் என்ற மனப்போக்கைக் குறிப்பாகச் சாடியது.

இது அனுமதித் தாமதம் பற்றிய கதை இல்லை. ஆனாலும் திறன் பற்றிய எல்லாக் கூட்டத்திலும் இதைச் சொல்ல வேண்டும் என்பேன். ஒரு நிபுணர் கோப்பைப் பார்த்து, 'விதி என்னவோ சரி, இந்தத் தண்ணீர் இந்தக் குழாயை என்ன செய்யும்?' என்று கேட்கும் அந்த ஒரு மணி நேரத்தை எந்தச் சீட்டிலும் 'வீண்' என்று எழுதிவிடக் கூடாது.

ஒரு மாநிலம் 'அனுமதி நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டோம்' என்று அறிவித்தால் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வகை அனுமதிக்கு? பொது அனுமதிகளையும் பெரிய அனுமதிகளையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால் எந்த எண்ணும் அழகாக வரும். நாட்களை விண்ணப்பம் வந்த தேதியிலிருந்து எண்ணினார்களா, முழுமையான தேதியிலிருந்தா? அதே காலத்தில் எத்தனை விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பினார்கள்? அனுமதி கொடுத்த பிறகு நேரில் போய்ப் பார்த்த ஆய்வுகளின் எண்ணிக்கை கூடியதா, குறைந்ததா? கடைசிக் கேள்விக்கு அரசின் பதிலுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். இ.பி.ஏ. நடத்தும் 'எக்கோ' என்ற இணையத் தரவுத்தளத்தில் ஆலையின் பெயரையோ அஞ்சல் குறியீட்டையோ போட்டால், எப்போது ஆய்வு நடந்தது, என்ன மீறல் கண்டார்கள், அபராதம் போட்டார்களா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.